சாக்கடையில் வைரஸ் தெரியுமாமே, எங்களுக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?

கேள்வி கேட்டவர் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். ஆடி மாதத்தில் வீட்டில் மாரியம்மனுக்குக் கஞ்சி ப்ரேயர். எண்பது பேர் வந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மறுநாள் ராத்திரிக்குள் முப்பது பேருக்கு வாந்தியும் பேதியும். இரண்டு நாளில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. டாக்டர் "காஸ்ட்ரோ, ஊரெல்லாம் சுற்றுகிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கழிவுநீரைச் சோதித்தாலே எந்த வைரஸ் பரவுகிறது என்று தெரிந்துவிடும் என எங்கோ படித்தாராம். "எங்கள் தெருவில் மேன்ஹோல் மாதக்கணக்காகப் பொங்கி வழிகிறது. அதை யாரும் சோதிக்கவில்லையா? சோதித்திருந்தால் எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்காதா?" என்று கேட்கிறார்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சாக்கடையைப் பார்த்து ஊருக்கு என்ன நோய் என்று சொல்ல முடியுமா என்பது ஒன்று. தெருவில் ஓடும் அந்தத் தண்ணீர்தான் நோயைக் கொடுத்ததா என்பது இரண்டாவது. மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது: நாங்கள் சமைத்ததால்தான் எல்லோருக்கும் வந்ததா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. முதலாவதுதான் என் தொழில் என்பதால் அதில் கொஞ்ச நேரம் இருக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதை நம்புவது என்று நீங்கள் முடிவு செய்வதற்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மருத்துவன் இல்லை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு 1999-ல் தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்தவன். இருபது வருடத்துக்கும் மேல் தண்ணீர் ஆய்வகங்களில் வேலை, அதில் பாதி கழிவுநீரோடுதான். மனைவி டர்பனின் மியர்பேங்க் பேட்டையில் பிறந்தவள். அவள் வீட்டுப் பெரியவர்கள் எனக்கு வைத்த பெயர் 'சாக்கடை மாப்பிள்ளை'. கல்யாண வீடுகளில் என்னிடம் கை கொடுப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காஸ்ட்ரோ என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு வைரஸ்களுடையது. பெரியவர்களுக்கு அதிகம் வருவது நோரோ வைரஸ். சின்னக் குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ். ஆஸ்ட்ரோ, சாப்போ, அடினோவில் 40, 41 என்ற இரண்டு வகைகள் எல்லாம் பின்வரிசையில் நிற்பவை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் ஊரில் 1968-ல் ஒரு பள்ளியே வாந்தியெடுத்தது. அந்த மாதிரிகளை வைத்து 1972-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அடையாளம் கண்டதுதான் நோரோ. மறுவருடம் மெல்போர்னில் ரூத் பிஷப்பின் குழு ரோட்டாவைக் கண்டது. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: நோயாளியின் மலத்தில் கணக்கில்லாமல் வெளியேறும். நோரோ உச்சத்தில் இருக்கும்போது ஒரு கிராமில் ஆயிரம் கோடி என்பது சாதாரணம். வாந்தி நின்று, ஆள் வேலைக்குப் போன பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு இன்னும் அதிக நாள், வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு தொந்தரவும் இல்லாமலே வெளியேற்றுகிறவர்களும் உண்டு. ஆகவே டர்பன் மாதிரி ஒரு பெரிய ஊரின் சாக்கடையை எந்த மாதத்தில் மொண்டு பார்த்தாலும் நோரோ கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஜனங்கள் சறுக்கும் இடம் இதுதான். 'கழிவுநீரில் வைரஸ் கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால் பயந்துபோகிறார்கள். கழிவுநீரில் வைரஸ் இருப்பது மீன் மார்க்கெட்டில் ஈ இருப்பது மாதிரி. எத்தனை ஈ, போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா, புது ஜாதி ஈயா என்பதுதான் கேள்வி. ஒரு தடவை எடுத்த மாதிரிக்கு ஏறக்குறைய ஒரு பொருளும் கிடையாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், வாராவாரம் எடுத்து, ஒரு வருடமாவது சேர்ந்தால்தான் அந்தக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும்.

எடுக்கும் விதத்தையும் சொல்கிறேன். சுத்திகரிப்பு பிளான்ட்டின் வாயில், குப்பை வடிகட்டும் கம்பிச் சல்லடையைத் தாண்டிய இடத்தில், ஒரு தானியங்கிக் கருவி மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி 24 மணி நேரத் தண்ணீரை ஒரே கேனில் சேர்க்கும். அதுதான் நல்ல மாதிரி. கருவி இல்லாவிட்டால் வாளியைக் கட்டி ஒரே மொண்டாக மொண்டுகொள்வது. நம்மூர் நிலவரத்தில் பல நாள் அதுதான் நடந்தது. கருவிக்கு பேட்டரி வேண்டும், பேட்டரி திருடு போகும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், அந்த நாட்களில் லோட்ஷெட்டிங் என்று மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். இன்னொரு பழைய வழி எனக்குப் பிடித்தது: காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைச் சுருட்டி நூலில் கட்டி மேன்ஹோலுக்குள் இரண்டு மூன்று நாள் தொங்கவிடுவது. 1940-களில் இங்கிலாந்தில் பிரெண்டன் மூர் என்பவர் பாராடைஃபாய்டு கிருமியை வெளியேற்றுகிற ஆளைத் தேடி, மேன்ஹோல் மேன்ஹோலாகத் துணியைத் தொங்கவிட்டுப் பின்னோக்கிப் போனார். இன்றைக்கும் அந்தத் துணிக்கு மூர் என்றுதான் பெயர். மின்சாரமும் வேண்டாம், திருடவும் மாட்டார்கள். ஆனால் இருக்கிறதா இல்லையா என்றுதான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

ஆய்வகத்துக்கு வந்ததும் வைரஸைத் திரட்ட வேண்டும், ஏனென்றால் ஒரு லிட்டரில் இருப்பதைச் சில துளிக்குள் கொண்டுவந்தால்தான், மரபணுவைப் பெருக்கி எண்ணும் பி.சி.ஆர் கருவி பார்க்கும். பாலைத் திரிய வைப்பது போலக் கொழுப்பெடுத்த பால் பொடியைச் சேர்த்து, அமிலமாக்கி, அந்தத் திரட்டோடு வைரஸைக் கீழே இறக்குவது ஒரு முறை. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் கண்ணாடி இழையை அடைத்த குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு வைரஸை ஒட்டவைத்துக் கழற்றுவார்கள். கோவிட் வருவதற்குப் பல வருடம் முன்பே இந்த நாட்டு ஆறுகளிலும் கழிவுநீரிலும் குடல் வைரஸ்களைத் தேடியவர்கள் அவர்கள். எந்த முறையானாலும் பாதி வைரஸ் வழியிலேயே போய்விடும். எவ்வளவு போனது என்று அறிய, மனிதனுக்கு ஒன்றும் செய்யாத வேறொரு வைரஸைத் தெரிந்த அளவில் முதலிலேயே கலந்து, கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்போம். தொழிற்சாலைக் கழிவு சேர்ந்த தண்ணீராயிருந்தால் சாயமும் எண்ணெயும் பி.சி.ஆரையே முடக்கிவிடும். வைரஸ் நிறைய இருக்கும், கருவி 'இல்லை' என்று சொல்லும்.

இன்னொரு சிக்கல் மழை. இங்கே சாக்கடைக் குழாயும் மழைநீர்க் குழாயும் தனித்தனி என்பது வரைபடத்தில். நிஜத்தில் எத்தனையோ வீட்டுக் கூரைத் தண்ணீர் சாக்கடைக்குள்தான் இறங்குகிறது. ஒரு நல்ல மழையில் பிளான்ட்டுக்கு வரும் தண்ணீர் இரட்டிப்பாகும், வைரஸ் பாதியானது போலத் தெரியும். டிசம்பரில் ஜோஹானஸ்பர்க்காரர்கள் கடற்கரைக்கு வந்து குவிந்தால் கதை தலைகீழ். இதைச் சரிசெய்ய ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ் உண்டு. மிளகாயும் மிளகாய்ப் பொடியும் சாஸும் சாப்பிடுகிற மனிதர்கள் எல்லோருடைய வயிற்றிலும் அது சேதமில்லாமல் இறங்கி வெளியே வரும். நமக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆகவே ஒரு மாதிரியில் அந்த மிளகாய் வைரஸ் எவ்வளவு என்று அளந்தால், அதில் மனித மலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நோரோவை அதால் வகுத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். டர்பனில், அதுவும் நம் ஆட்கள் நிறைந்த பேட்டைகளில், இந்த அளவுகோலுக்குப் பஞ்சமே வராது என்று நான் ஆய்வகத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

நானே ஏமாந்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பிளான்ட்டில், பெயர் வேண்டாம், ஒரு செவ்வாய்க்கிழமை மாதிரியில் நோரோ முந்தைய வாரத்தைப் போல நாற்பது மடங்கு. மேலதிகாரிகளுக்கு எழுதிவிட்டேன், அவர்களும் கிளினிக்குகளுக்குப் போன் போட்டார்கள். எந்தக் கிளினிக்கிலும் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. விசாரித்தால், நான் வாளியை இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு ஹனி சக்கர் லாரி, அதாவது குழிக் கழிப்பறைகளை உறிஞ்சுகிற டாங்கர், அந்த வாயிலேயே தன் சுமையை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. நான் ஊரை அளக்கவில்லை, ஒரு லாரியை அளந்தேன். அன்றிலிருந்து கேட்வாசலில் இருக்கும் லாரிப் பதிவேட்டைப் பார்க்காமல் வாளியைத் தொட்டதில்லை. ஒற்றைப் புள்ளியை வைத்து யாராவது பரபரப்பாகப் பேசினால் எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வரும்.

இவ்வளவு குறையும் சொன்ன பிறகு, இதில் உறுதியாக என்ன இருக்கிறது? ஒன்று, போலியோ. போலியோ தாக்கிய இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கால் கை விழும். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டார்கள், ஆனால் எல்லோருடைய மலத்திலும் வைரஸ் போகும். அதனால் சாக்கடை நோயாளியைவிட முன்னால் பேசும். மும்பையில் 2001 முதல் இதைச் செய்தார்கள். இஸ்ரேலில் 2013-ல் ஒருவருக்கும் முடக்கம் வராமலே சாக்கடையில் போலியோ தெரிந்தது, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்து அடக்கினார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் 2022-ல் நடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். இந்த நாட்டிலும் தேசியத் தொற்றுநோய் நிறுவனம், என்.ஐ.சி.டி என்று கோவிட் காலத்தில் தினமும் பெயர் அடிபட்டதே, அவர்கள் கழிவுநீரில் போலியோவையும் கோவிட்டையும் தேடியிருக்கிறார்கள். கோவிட்டின் முதல் வருடத்திலேயே டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இந்த ஊர்ச் சாக்கடையில் அதை அளந்தார்கள். ஆக ஆளும் கருவியும் இங்கே இல்லாமல் இல்லை.

நோரோவைப் பொறுத்தவரை நல்ல உதாரணம் ஸ்வீடனின் கோத்தன்பர்க். அங்கே 2013-ல் சாக்கடையில் நோரோ உச்சத்துக்குப் போன பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக் கணக்கில் நோயாளிகள் கூடினார்கள். 'மூன்று வாரம் முன்னதாக எச்சரிக்கை' என்று இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்வேன். நோரோ உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தி வந்துவிடும். வைரஸுக்கு மூன்று வாரம் காத்திருக்கிற பழக்கம் இல்லை. தாமதம் நம் பக்கத்தில்: வீட்டிலேயே இஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்திருப்பவர்கள், மலம் சோதனைக்கு அனுப்பாத டாக்டர்கள், கிழவர்கள் விழுந்த பிறகுதான் நிரம்பும் ஆஸ்பத்திரிகள். சாக்கடை எதிர்காலத்தைச் சொல்வதில்லை, இன்றைக்கு நடப்பதை இன்றைக்கே சொல்கிறது. நாம்தான் பிந்தி எண்ணுகிறோம். தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் பொருந்தும். இங்கே காலராவைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும், உணவால் கூட்டமாக நோய் வந்தால் அறிவிக்க வேண்டும். தனியாக ஒருவருக்கு நோரோ வந்தால் அறிவிக்க வேண்டியதில்லை. எண்ணப்படாத நோய்க்கு எண்ணிக்கை எங்கிருந்து வரும்? அந்த ஓட்டையைச் சாக்கடையால் ஓரளவு அடைக்கலாம்.

இரண்டாவதாகச் சொல்லக்கூடியது வகை. வைரஸின் மரபணுவைப் படித்தால் எந்த ரகம் என்று தெரியும். நோரோவில் ஜி.ஐ.ஐ.4 என்ற ரகம் வருடக்கணக்காக உலகத்தை ஆண்டது. 2014 வாக்கில் ஆசியாவில் ஜி.ஐ.ஐ.17 தலையெடுத்தது, சமீப வருடங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது மேலே வந்தது. புது ரகம் வரும்போது ஜனங்களிடம் எதிர்ப்பு குறைவு, நோய் கூடலாம். நூறு நோயாளிகளைத் தேடிப் பிடிப்பதைவிட ஒரு கேன் சாக்கடையில் இதைப் பார்ப்பது சுலபம், மலிவு.

ரோட்டாவில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கா 2009-ல் ரோட்டா தடுப்பு மருந்தை எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கத் தொடங்கியது, ஆப்பிரிக்காவிலேயே முதலில். 6-வது வாரத்திலும் 14-வது வாரத்திலும் வாயில் விடுகிற சொட்டு. அது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ், குழந்தையின் மலத்திலும் போகும். ஆகவே சாக்கடையில் ரோட்டா என்றால் அது நோயா, மருந்தா என்று பிரித்துப் பார்க்கிற சோதனையும் கூடவே செய்ய வேண்டும். செய்யாமல் கோடு வரைந்தால், கிளினிக்கில் ஊசி நாள் எது என்று கண்டுபிடித்ததாகத்தான் ஆகும்.

சந்தேகமான இடத்துக்கு வருகிறேன். 'இத்தனை வைரஸ் இருக்கிறது, ஆகவே ஊரில் இத்தனை பேருக்கு நோய்' என்று கணக்குப் போட முடியுமா? போடுகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒருவர் வெளியேற்றுவது இன்னொருவரைவிட ஆயிரம் மடங்கு கூடலாம், குறையலாம். குணமானவரின் எச்சமும் அதிலேயே கலந்திருக்கிறது, அதனால் கோடு ஏறுவதை நம்பலாம், இறங்குவது எப்போதும் பிந்தும். இன்னொன்று, பி.சி.ஆர் எண்ணுவது வைரஸின் மரபணுவை. செத்த வைரஸும் அதில் சேர்த்தி. நோரோவை மனிதக் குடல் செல்களில் வளர்க்கவே 2016-ல்தான் வழி கிடைத்தது, இன்றும் அது அன்றாட வேலை இல்லை. 'வைரஸ் இருந்தது' என்பதற்கும் 'அது தொற்றும்' என்பதற்கும் நடுவே இடைவெளி இருக்கிறது.

குழாய் இல்லாதவர்களை இந்த முறை பார்க்கவே பார்க்காது என்பதும் ஒன்று. டர்பன் மாநகராட்சி எல்லைக்குள் கிராமப்புறங்களில் பல்லாயிரம் வீடுகளுக்குச் சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறைதான். குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறை, சில இடத்தில் அதுவும் இல்லை. அங்கேதான் குழந்தைகள் பேதியில் அதிகம் சாகிறார்கள். ஆக பிளான்ட் வாயில் எடுக்கிற மாதிரி ஃப்ளஷ் டாய்லெட் வைத்திருக்கிறவர்களின் கதை. இதைச் சொல்லாமல் 'டர்பனில் நோரோ குறைவு' என்று யாராவது எழுதினால் அது பாதி உண்மைகூட இல்லை. கூடவே, பிளான்ட்டுக்கு வந்து சேராத சாக்கடையும் உண்டு. அரசின் 2022 கிரீன் டிராப் அறிக்கை நகராட்சிகளின் 334 கழிவுநீர் அமைப்புகளைப் படுமோசம் என்று வகைப்படுத்தியது. பம்ப் ஸ்டேஷன் நின்றுபோனால் சாக்கடை ஆற்றுக்குப் போகும், என் கேனுக்கு வராது. உங்கள் தெரு மேன்ஹோல் பொங்குகிறதென்றால், உங்கள் தெருவின் வைரஸும் கணக்கில் விடுபட்டுப் போகிறது என்று அர்த்தம்.

அந்த மேன்ஹோல் தண்ணீர்தான் உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்குச் செய்ய வேண்டியது வைரஸ் கண்காணிப்பு இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று சோதிக்கவே தேவையில்லை, மலம் இருக்கிறது, அடைக்க வேண்டும், அவ்வளவுதான். கடற்கரையிலும் ஆற்றிலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எண்ணுவார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிளான்ட்டுகளும் பம்புகளும் உடைந்த பிறகு டர்பன் கடற்கரைகளை மூடித் திறந்து மூடியது அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். ஈ.கோலை இருந்தால் மலம் கலந்திருக்கிறது. இல்லாவிட்டால் வைரஸ் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் கடல் தண்ணீரில் ஈ.கோலை சீக்கிரம் சாகும், வைரஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கழிவுநீர் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்துப் பாறையில் மசல் என்ற சிப்பியைப் பொறுக்கிச் சமைப்பவர்களுக்கு இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. குழாய்த் தண்ணீர் வேறு கதை. அதில் நூறு மில்லியில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பது இந்நாட்டுத் தரம், குளோரினும் போடுகிறார்கள். பிரச்சினை தண்ணீர் நின்று வரும்போது. அந்த வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப்போய், மாதக்கணக்கில் ஜனங்கள் டாங்கர் தண்ணீரை வாளியில் பிடித்தார்கள். அப்படிப் பிடித்து வைத்த தண்ணீரில் கை படும், கரண்டி படும். பழைய தமிழில் வாந்திபேதி என்றால் காலரா. 2023-ல் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஹம்மன்ஸ்கிராலில் இருபது பேருக்கு மேல் அதில் இறந்தார்கள். அது பாக்டீரியா, வைரஸ் இல்லை. உங்கள் வீட்டில் வந்தது அந்த மாதிரி இருந்திருந்தால் முப்பது பேரும் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பேட்டையைத் தனியாகச் சோதித்து முடிவை வெளியிட்டால் என்ன என்று கேட்டீர்களானால், எனக்குத் தயக்கம் உண்டு. தொழில்நுட்பத்தில் முடியும், மேன்ஹோல் மேன்ஹோலாக முடியும். ஆனால் இந்த நாட்டில் பேட்டை என்றால் சாதாரணப் பேட்டையா? சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் இனவாரிக் குடியேற்றச் சட்டத்தால் இந்தியர்களுக்கென்று கட்டப்பட்டவை. 1904-ல் ஜோஹானஸ்பர்க்கில் பிளேக் வந்தபோது 'கூலி லொகேஷன்' என்ற நம் ஆட்களின் குடியிருப்பைக் காலி செய்யவைத்துத் தீயிட்டே கொளுத்தினார்கள். ஒரு பேட்டையின் பெயரை ஒரு கிருமியோடு சேர்த்து எழுதுவதற்கு முன்னால் அதை நினைத்துக்கொள்வது நல்லது. பெரிய பிளான்ட் அளவில், லட்சக்கணக்கானவர்களின் தண்ணீர் கலந்த இடத்தில் அளப்பதையே நான் விரும்புவேன்.

இப்போது கணக்கு. உங்கள் வீட்டு முப்பது பேரை என் கேன் பார்த்திருக்குமா? ஒருவருக்கு நாளைக்கு 200 கிராம், கிராமுக்கு ஆயிரம் கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முப்பது பேருக்கு 60 இலட்சம் கோடி வைரஸ். நாளைக்கு 5 கோடி லிட்டர் வருகிற ஒரு பிளான்ட்டில் அது லிட்டருக்கு 12 இலட்சம். பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஊர்ச் சாக்கடையில் நோரோ சாதாரணமாகவே லிட்டருக்குப் பத்தாயிரத்திலிருந்து ஒரு கோடி வரை ஏறி இறங்கும். உங்கள் முப்பது பேர் அதற்குள் மறைந்துவிடுவார்கள். அதுவும் அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால். உங்கள் விருந்தாளிகள் ஃபீனிக்ஸுக்கும் டோங்காட்டுக்கும் இசிபிங்கோவுக்கும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நாலைந்து பிளான்ட்டுகளுக்குப் பிரிந்துபோனார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: இல்லை, உங்கள் ப்ரேயரைப் பற்றி யாரும் முன்னால் சொல்லியிருக்க முடியாது. 'இந்த மாதம் நோரோ ஏறுகிறது, சமைக்கிறவர்கள் ஜாக்கிரதை' என்று பொதுவாகச் சொல்லியிருக்க முடியும். அந்த மாதிரி அறிவிப்பு வரவேண்டும் என்று நானும் கேட்கிறேன்.

மூன்றாவது கேள்வி. உங்கள் சமையலா? ஒரே சாப்பாடு, ஒன்றரை நாளுக்குள் முப்பது பேர், வாந்தி முன்னால் பேதி பின்னால், இரண்டு நாளில் சரி என்றால் நோரோ என்றுதான் என் ஊகம். சோதனை இல்லாமல் ஊகம்தான். கொதிக்கக் கொதிக்க இறக்கிய பருப்பையும் பூசணிக் கறியையும் நான் சந்தேகப்பட மாட்டேன். ஆறிய கஞ்சியில் தயிரை ஊற்றி நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் கையால் கலக்கிற இடத்தைத்தான் பார்ப்பேன். கஞ்சி புளித்திருந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், நோரோ புளிப்பைத் தாங்கும். இருபது வைரஸ் வயிற்றுக்குள் போனாலே போதும் என்கிறார்கள். கலக்கிய அக்காவுக்கு இரண்டு நாள் முன்னால் லேசாக வயிறு சரியில்லாமல் இருந்திருக்கலாம், அவருக்கே அது மறந்திருக்கலாம். அதில் யாருடைய குற்றமும் இல்லை. விரதம் இருந்து, அம்மனுக்கு என்று குளித்து முழுகித்தான் வந்திருப்பார்.

அடுத்த ஆடிக்கு வேண்டியது இவைதான். வாந்தியோ பேதியோ வந்தவர்கள் நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையலறைப் பக்கம் வர வேண்டாம். கைக்கு சோப்பும் ஓடுகிற தண்ணீரும், சானிடைசரை நோரோ பெரிதாக மதிக்காது. யாராவது வாந்தி எடுத்த இடத்தை ஜிக் என்ற ப்ளீச் ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்குமாகக் கலந்து துடையுங்கள், வேறு எந்த கிளீனரோடும் சேர்க்காமல். நோயாளிக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, சிறுகச் சிறுக. குழந்தையோ கிழவரோ சிறுநீர் கழிக்காமல் துவண்டுபோனால் இதையெல்லாம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு.

அப்புறம் ஒன்று. இந்த மாதிரி மறுபடியும் கூட்டமாக வந்தால் டாக்டரிடம் "இரண்டு மூன்று பேருடைய மலத்தையாவது லேபுக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள், மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளருக்கும் போன் செய்யுங்கள், உணவால் கூட்டமாக வருவது அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மிச்சக் கஞ்சியைக் கொட்டிவிடாமல் ஒரு சுத்தமான டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி பசித்து வருகிற யாராவது எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள்.